அக்கரையில் நடக்கும் ஆசிரியர் பயிற்சி

இலங்கையில் அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் தொழில் கற்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வேலைக்குச் சேருமுன் தேசிய கல்வியியற் கல்லூரியில் பெறும் முன்சேவைப் பயிற்சி ஒன்று. பயிற்சியில்லாமலே நியமனம் பெற்றவர் பின்னர் ஆசிரியர் கலாசாலையிலோ பல்கலைக்கழகத்திலோ பெறும் பயிற்சி மற்றொன்று. சேவையில் இருக்கும் அனைவருக்கும் ஓய்வுபெறும்வரை தொடரவேண்டிய சேவைக்காலப் பயிற்சி மூன்றாவது. இப்போது இதை வாண்மை விருத்தி என்கிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத் தீவான நயினாதீவில் கற்பிக்கும் ஆசிரியருக்கு இந்த மூன்றுமே கடலுக்கு அக்கரையில் இருக்கின்றன.

யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. தீவக வலயத்துக்குள் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை போன்ற இடங்களுக்குப் பண்ணைத் தாம்போதி வழியாகத் தரைமார்க்கமாகவே போய்விடலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அப்படியல்ல. புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் பேருந்தை விட்டிறங்கிப் படகேற வேண்டும். நயினாதீவுக்குப் படகுப் பயணம் கால் மணி நேரத்தில் முடியும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். நயினாதீவு மகா வித்தியாலயம், ஸ்ரீ கணேச கனிஷ்ட மகா வித்தியாலயம் முதலிய பாடசாலைகளின் ஆசிரியர் பலர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து நாளாந்தம் வந்துபோகிறவர்கள். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் வரும் யாத்திரிகரோடு அவர்களும் அதே படகில் ஏறுகிறார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் யாழ்ப்பாணத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் படித்தவர்கள் ஊர்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களானார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஏற்படுத்தியபோது, சைவப் பிள்ளைகளுக்குச் சைவ ஆசிரியர் வேண்டும் என்ற தேவையும் கூடவே எழுந்தது. அத்தேவைக்கு முழுமையான விடை 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் முயற்சியால் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலை தோன்றியது, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கே நீண்டகாலம் விரிவுரையாளராக இருந்தார். கோப்பாயில் அரசினர் ஆசிரியர் கலாசாலை வளர்ந்தது. தீவகமும் இந்த மரபுக்கு வெளியே நிற்கவில்லை. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனையே இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருள். உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டோடு மட்டும் அவரை நினைவுகூருகிறவர்கள் அவருடைய இந்தப் பக்கத்தையும் நினைக்க வேண்டும்.

அக்காலப் பாடசாலைகளையும் கலாசாலைகளையும் பெரும்பாலும் மிஷன்களும் சங்கங்களுமே நடத்தின. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளும் பயிற்சிப் பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்தன. ஆசிரியரை உருவாக்குவது அதன்பின் முழுக்க அரசின் பொறுப்பாயிற்று.

இன்றுள்ள அமைப்பின் பெரும்பகுதி 1985க்கும் 1997க்கும் இடையில் கட்டப்பட்டது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் வந்தது. பாடத்திட்டத்தை எழுதுவதும் அதைக் கற்பிக்க ஆசிரியரைத் தயார்செய்வதும் அதன் கடமைகள். அடுத்த ஆண்டு கல்வியியற் கல்லூரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1987இன் 13ஆவது திருத்தம் கல்வியை மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையில் பங்கிட்டது. அந்தப் பங்கீட்டின்படி சேவைக்காலப் பயிற்சிகளை மாகாணமே நடத்தலாம், தேசிய கல்வி நிறுவகத்தின் முன் அனுமதி இருந்தால் போதும். 1990களின் நடுவில் இலங்கை ஆசிரியர் சேவை ஒரே பிரமாணக் குறிப்பின் கீழ் வந்தது. 2014இல் அக்குறிப்பு புதிதாக எழுதப்பட்டது. அதன்படி ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் பதவி உயர்வு பெற, ஆண்டுகள் கழிந்தால் மட்டும் போதாது. வினைத்திறமைகாண் தடையின் பயிற்சி மொடியூல்களையும் முடித்திருக்க வேண்டும்.

முன்சேவைப் பயிற்சிக்கு நாடெங்கும் 19 தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக்குரியது கோப்பாயில் இருக்கிறது. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியையும் நேர்முகத்தேர்வையும் வைத்து மாணவர் சேர்க்கப்படுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு கட்டுறுப் பயிற்சி: ஒரு பாடசாலையில் முழுநேரமும் நின்று, மூத்த ஆசிரியரின் கண்பார்வையில் கற்பிக்க வேண்டும். முடிவில் கற்பித்தலில் தேசிய டிப்ளோமாவும் ஆசிரியர் நியமனமும் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி கற்பிப்போரில் திடமான அடித்தளத்தோடு வருகிறவர்கள் இந்தக் கல்லூரிகளில் படித்தவர்களே. இந்தப் பயிற்சியை 4 ஆண்டுக் கல்வியியற் பட்டமாக உயர்த்தும் யோசனை அடுத்தடுத்து வந்த அரசுகளின் காலத்தில் பேசப்பட்டு வந்திருக்கிறது.

ஆனால் வடக்கின் ஆசிரியர் எல்லோரும் இந்த வாசலால் வந்தவர்கள் அல்லர். போர்க்காலத்தில் நியமனங்கள் தடைப்பட்டபோது, பாடசாலைகள் பூட்டப்படாமல் காத்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். சிறு கொடுப்பனவோடும் பல வேளைகளில் அதுவும் இல்லாமலும் ஆண்டுக்கணக்கில் கற்பித்த அவர்களில் பலரைப் பிற்காலத்தில் அரசு கட்டம் கட்டமாக நிரந்தர சேவைக்குள் எடுத்தது. இப்படி வந்தவர்களுக்குக் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையின் இரண்டாண்டுப் பயிற்சியே வழி. 1990களின் தொடக்கத்தில் படையினர் தீவுகளைக் கைப்பற்றியபோது வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளின் மக்களில் பெரும்பாலானோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். சில ஆண்டுகளுக்குத் தீவகம் ஒரு தரப்பின் கையிலும் குடாநாடு மற்றத் தரப்பின் கையிலும் இருந்தன. அந்தக் காலத்தில் தீவில் நின்று படிப்பித்தவருக்குப் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று தொண்டு செய்தவர்களுக்கு இந்தச் சமூகம் பட்ட கடன் பெரியது.

பட்டதாரிகள் கதை வேறு. பல்கலைக்கழகத்தில் பௌதிகமோ வரலாறோ படித்து வெளியேறி, போட்டிப் பரீட்சை எழுதி நேரே வகுப்பறைக்குள் வருகிறார்கள். பாடம் தெரியும், பத்து வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்று எவரும் காட்டிக்கொடுத்ததில்லை. அவர்களுக்குரியது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் ஆகியவை அதை நடத்துகின்றன. வேலை செய்துகொண்டே வார இறுதிகளில் படிக்கலாம். தீவில் தங்கியிருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கோ, சனி ஞாயிறும் படகு பிடிக்க வேண்டிய நாட்களாகிவிடுகின்றன.

ஆசிரியருடைய தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தொடுவது மூன்றாவது வழியான சேவைக்காலப் பயிற்சிதான். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் மகரகமவிலிருந்து அது கீழே இறங்கும். தேசிய கல்வி நிறுவகம் மாகாண வளவாளருக்குச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் வலயத்தின் ஆசிரிய ஆலோசகருக்குச் சொல்ல, ஆலோசகர் ஆசிரியரைக் கூட்டிச் செயலமர்வு வைப்பார். ஐந்து நாட் பயிற்சி இரண்டு நாளாகி, ஒரு நாளாகி, ஈற்றில் ஒரு சுற்றறிக்கையின் வாசிப்பாகக் குறுகிப்போவது இந்த முறையின் பழைய நோய். 2007இல் ஆறாம், பத்தாம் தரங்களுக்குத் தேர்ச்சிமையப் பாடத்திட்டம் வந்தபோது, ஐந்து ‘ஈ’ மாதிரி என்ற கற்பித்தல் முறையும் கூட வந்தது. பிள்ளையை முதலில் ஈடுபடுத்தி, தானே தேடவிட்டு, விளக்கி, விரித்து, மதிப்பிடும் முறை அது. நல்ல முறைதான். ஆனால் ஒருநாட் செயலமர்வில் அதைக் கேட்டுவந்த ஆசிரியரிடம், நாற்பது நிமிடப் பாடத்துக்குள் இவ்வளவையும் எப்படி அடக்குவது என்ற கேள்விதான் மிஞ்சியது.

நயினாதீவில் வசிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு நல்லூரிலுள்ள மாகாணக் கல்வித் திணைக்களத்தில் காலையில் செயலமர்வு என்று வைத்துக்கொள்ளலாம். முதற்படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பேருந்தில் புங்குடுதீவைக் கடந்து, வாணர் தாம்போதியால் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணை, யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் இறங்கி நல்லூருக்கு இன்னொரு வண்டி. அவர் போய்ச்சேரும்போது வரவு இடாப்பு ஒரு சுற்றுப் போய்வந்திருக்கும். பிற்பகலில் மற்றவர்கள் குழுச் செயற்பாட்டில் இருக்க, இவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். மாலைப் படகைத் தவறவிட்டால் அன்றிரவு உறவினர் வீட்டில்தான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் குழம்பியிருக்கும். ஆனி மாதம் அம்மன் மகோற்சவக் காலமென்றால் குறிகட்டுவானில் வரிசை நீண்டுவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் ஆசிரியருக்கு இதே நாள் நேர்மாறாக அமைகிறது. அன்று படகும் இல்லை, விடியற்காலைப் பயணமும் இல்லை. பாடசாலையைவிடச் செயலமர்வே அவருக்குப் பக்கம். ஆனால் எந்த ஆசிரியர் போனாலும் தீவில் ஒரு வகுப்பு ஆசிரியரில்லாமல் இருக்கும். நகரப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் ஐந்து பேரில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியர் இருக்கும் பாடசாலையில் அவர் போகும் நாளில் விஞ்ஞானம் இல்லை. பயிற்சி எத்தனை நாள் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அறிக்கைகள் கணக்கெடுக்கின்றன. அந்த நாட்களில் பிள்ளைகள் இழந்த பாடவேளைகளுக்கும் அதே அறிக்கையில் ஒரு நிரல் இருந்தால், தீவகத்தின் நிலைமை கொழும்புக்கும் தெரியவரும்.

மறுபக்கத்தில் ஆலோசகர் இருக்கிறார். ஆசிரிய ஆலோசகரின் உண்மையான வேலை செயலமர்வு நடத்துவது அன்று. வகுப்பறையின் பின்வாங்கில் இருந்து பாடத்தைப் பார்த்து, பிறகு ஆசிரியரோடு தனியே இருந்து பேசுவதுதான். வேலணைப் பக்கத்தில் ஒரே நாளில் இரண்டு பாடசாலைகளைப் பார்க்கக்கூடிய ஆலோசகருக்கு நயினாதீவு ஒரு முழுநாள் வேலை; நெடுந்தீவு அதிலும் கூட. ஆண்டுத் திட்டத்தில் நாட்கள் இறுகும்போது முதலில் கழிபடுவது கடல்தாண்டிய பாடசாலைகளாகவே இருக்கும். உலக வங்கியின் உதவியோடு 1990களின் இறுதியில் வலயங்களில் ஆசிரிய நிலையங்கள் அமைக்கப்பட்டதன் நோக்கமே பயிற்சியை ஆசிரியருக்குக் கிட்டக் கொண்டுவருவதுதான். நூலகமும் கற்றல் சாதனங்களும் கூடிப்பேச இடமும் உள்ள நிலையம் வலயத்துக்கு ஒன்றிருந்தால் போதும் என்று தரைப் பிரதேசத்துக்குக் கணக்கிடலாம். தீவுகளுக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

பயிற்சியின் உள்ளடக்கத்திலும் சிறு பாடசாலை மறக்கப்படுகிறது. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதல் ஐந்து தரங்களை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது: ஒன்றும் இரண்டும் ஒரு நிலை, மூன்றும் நான்கும் ஒன்று, ஐந்து தனி. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றும் முதல் நிலையில் விளையாட்டுத் தூக்கலாகவும் மேலே போகப்போக எழுத்து வேலை தூக்கலாகவும் வரவேண்டும். இது மிக நுட்பமான ஏற்பாடு. ஆனால் பயிற்சி வழிகாட்டி மனதில் வைத்திருக்கும் வகுப்பில் ஒரே வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் குறைந்த தீவுப் பாடசாலையில் ஓர் ஆசிரியர் இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்க நேர்வதுண்டு. மூன்றாம் தரப் பிள்ளைகள் நால்வர் ஒருபுறம், நான்காம் தரப் பிள்ளைகள் ஐவர் மறுபுறம் என்றால், ஒரு பக்கத்துக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்கும்போது மறுபக்கம் தானே செய்யக்கூடிய வேலையோடு இருக்க வேண்டும். அந்த வேலை முந்தின நாளே அட்டையில் எழுதித் தயாராக இருக்க வேண்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக்காட்டுவதும் பாடமாக அமைய வேண்டும். எப்போது இரண்டு தரங்களையும் சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. சரியாகச் செய்தால் இந்த வகுப்பு நகரத்து நெரிசல் வகுப்பைவிட நன்றாக இருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் ஆசிரியர் நாள்தோறும் பார்க்க முடியும். இந்தப் பல்தரக் கற்பித்தலைக் கல்வியியற் கல்லூரியில் ஓர் அலகாகத் தொட்டுப்போவது போதாது. தீவகத்துக்கு வரும் ஆரம்பக் கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரும் அதில் கைதேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் இடமாற்றம். பாடசாலைகள் மிகக் கஷ்டம் முதல் மிக வசதி வரை தரம்பிரிக்கப்பட்டிருக்கின்றன. கஷ்டப் பிரதேசத்தில் குறித்த காலம் சேவை செய்த ஆசிரியர் இடமாற்றம் கேட்க உரித்துடையவராகிறார். இது நியாயமான கொள்கை. ஒருவரையே ஆயுள் முழுதும் படகில் ஏற்றமுடியாது. கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் அதே நியாயத்தில்தான் கொடுக்கப்படுகிறது. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். புதிதாக நியமனம் பெற்றவர் தீவுக்கு வருகிறார். தடுமாறிக் கற்று, பிள்ளைகளின் வீட்டு நிலைமை அறிந்து, கை தேறும் வேளையில் காலம் முடிந்து போய்விடுகிறார். அவருடைய இடத்துக்கு மீண்டும் ஒரு புதியவர். வருகிறவருக்கும் போகிறவருக்கும் ஒரு கிழமையாவது ஒரே வகுப்பறையில் சேர்ந்து நிற்க வாய்ப்பில்லை. அரசு செலவழித்துக் கொடுத்த பயிற்சியும் தீவில் பெற்ற அனுபவமும் சேர்ந்தே கரையேறிவிடுகின்றன.

ஜப்பான் இதே சிக்கலை வேறுவிதமாகக் கையாண்டது. சிறு தீவுகளும் மலைக்கிராமங்களும் நிறைந்த அந்த நாட்டில், போருக்குப் பிந்திய வறுமைக் காலமான 1954இலேயே ஒதுக்குப்புறப் பிரதேசக் கல்வி மேம்பாட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றினார்கள். ஆசிரியருக்குத் தங்குமிடம் அமைப்பது உள்ளூராட்சியின் கடமை. அத்தகைய பாடசாலைகளுக்கேற்ற கற்பித்தல் முறைகளை ஆராய்வதும், அங்குள்ள ஆசிரியருக்குப் பயிற்சிக்கான போதிய வாய்ப்புக் கொடுப்பதும் மாகாண ஆட்சியின் கடமை. சட்டமே அப்படிச் சொல்கிறது. ஜப்பானிய ஆசிரியர் பாட ஆய்வு என்ற பழக்கமும் உடையவர்கள். சில ஆசிரியர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட, ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்துப் பிறகு பேசுவார்கள். அதற்கு வெளியிலிருந்து எவரும் வரவேண்டிய கட்டாயமில்லை; ஐந்தாறு ஆசிரியர் உள்ள பாடசாலையிலும் செய்யலாம்.

இலங்கையின் கொள்கையிலும் இதற்கு இடம் உண்டு. 2012க்குப் பின் வந்த கல்வித் திட்டங்களில் பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி ஒரு முக்கிய அங்கம். தன் ஆசிரியருக்கு எது தேவை என்பதை அதிபரும் ஆசிரியரும் கூடித் தீர்மானித்து, பாடசாலைக்குள்ளேயே பயிற்சியை நடத்தலாம். தீவகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கொள்கை வேறில்லை. ஆனால் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள பாடசாலையில் அவர் யாரோடு கலந்து பேசுவார்? நயினாதீவின் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் இருப்பவை. பாடசாலை முடிந்த பிற்பகலில் அவற்றின் கணித ஆசிரியர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடினால் அது ஒரு குழுவாகிவிடும். வந்துபோகும் ஆசிரியருக்குப் படகு நேரம் இடையூறு என்பதால், அந்நாளில் பிந்திய படகை உறுதிப்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் இது சரிவராமல் எந்த நல்ல திட்டமும் நடக்காது.

2020இன் கொரோனாக் காலம் ‘சூம்’ வழிப் பயிற்சியைப் பழக்கமாக்கியது. சுற்றறிக்கை விளக்கத்துக்கும் பாட அறிவைப் புதுப்பிப்பதற்கும் அது போதும். அதற்காக இனி எவரும் கடல் கடக்கத் தேவையில்லை. ஆனால் கற்பித்தலைக் கண்ணால் பார்த்துத் திருத்தும் வேலையைத் திரை செய்யாது.

கல்வியியற் கல்லூரியின் கட்டுறுப் பயிற்சியைத் தீவகத்தோடு இணைப்பதும் கவனிக்க வேண்டியது. மூன்றாம் ஆண்டு மாணவரில் இருவர் மூவரைச் சேர்த்து, விடுதி வசதியோடு, அனுபவமுள்ள ஒருவரின் வழிகாட்டலில் நயினாதீவிலோ நெடுந்தீவிலோ நிறுத்தினால், பல்தரக் கற்பித்தலைச் செய்தே கற்பார்கள். தீவுப் பிள்ளைகளே உயர்தரம் சித்தியெய்திக் கோப்பாய்க்குப் போய் ஆசிரியராகத் திரும்பிவருவது எல்லாவற்றிலும் நிலையான வழி. சொந்த ஊரில் வீடுள்ள ஆசிரியர் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்க அவசரப்படமாட்டார்.

2026இல் முதலாம் தரத்தில் புதிய கல்விச் சீர்திருத்தம் தொடங்கியிருக்கிறது. அது மேல்தரங்களுக்குப் போகப்போக, ஆண்டுதோறும் ஒரு தொகுதி ஆசிரியர் புதுப் பயிற்சி பெற வேண்டியிருக்கும். அந்தப் பயிற்சியைத் தீவிலேயே நடத்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சேவைக்காலப் பயிற்சி ஏற்கெனவே மாகாணத்தின் கையில் இருக்கிறது. தீவக வலயத்தின் ஆண்டுப் பயிற்சித் திட்டத்தில் நயினாதீவையும் நெடுந்தீவையும் பயிற்சி நடக்கும் இடங்களாக எழுதவேண்டும்; வளவாளர் இரண்டு நாள் தங்கி, காலையில் வகுப்புப் பார்த்து மாலையில் ஆசிரியரோடு பேசும் வகையில் நேரசூசி போடவேண்டும்; அவருடைய படகுச் செலவும் இராத்தங்கலும் பாதீட்டில் ஒரு தனி வரியாக வரவேண்டும்.